சாவிக்காரர் வீட்டு வைஃபை

பேங்க் சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. மேனேஜர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் சாவிக்காரர்தான். ஓய்வு பெற்று வீட்டோடு ஆன பிறகும் அந்தப் பெயர் பின்னாலேயே வந்து தெருவில் ஒட்டிக்கொண்டது. எதிர்ப்பக்கத்துச் சலவைக்கடைக்காரரிடம் வழி கேட்டால், "சாவிக்காரர் வீடா? அந்தப் பச்சைக் கதவு" என்பார்.

கிளையின் இரும்பு அறைக்கு இரண்டு பூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி, சாவிக்கு மேல் ஒரு ரகசிய எண். ஒரு பூட்டு இவருடையது, இன்னொன்று தலைமைக் கேஷியருடையது. இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு அசையும். ஒருவர் எண்ணைத் திருப்பும்போது மற்றவர் பார்க்கக் கூடாது என்பது விதி. மற்றக் கிளைகளில் இந்த விதிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அல்லது கொட்டாவி விடுவார்கள். சாவிக்காரர் அப்படி அரைகுறையாக எதையும் செய்கிற ஆள் கிடையாது. முழு உடம்பையும் திருப்பி, மூக்கு சுவரில் இடிக்கும் தூரத்தில் போய் நிற்பார்.

தலைமைக் கேஷியராகப் புதிதாக மாற்றலாகி வந்த பெண் முதல் நாளே இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், சுவத்துல என்ன எழுதியிருக்கு? நானும் வந்து படிக்கலாமா?"

சாவிக்காரருக்குக் காது சிவந்தது. ஆனால் திரும்பவில்லை. அந்தப் பெண் "போட்டாச்சு" என்று சொன்ன பிறகுதான் திரும்பினார். அதிலிருந்து அது அவர்களுக்குள் வழக்கமாயிற்று. இவர் எண்ணைத் திருப்பிவிட்டு "போட்டாச்சு" என்பார், அவரும் திருப்பிவிட்டு "போட்டாச்சு" என்பார், கதவு திறக்கும். இப்படி ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றே சில வருஷம் போனது. ஒருநாள் கதவு திறந்த பிறகும் இருவரும் உள்ளே போகாமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். விஷயம் அங்கே இங்கே சுற்றிக் கல்யாணத்தில் வந்து முடிந்தது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னபோது அவர் வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் கையை நீட்டினார். "ரெண்டு பேர்ல ஒருத்தர் சாவிய வச்சிட்டுப் போங்க." புருஷன் பெண்டாட்டி கையில் ஒரே அறையின் இரண்டு சாவியும் இருக்கக் கூடாதாம். அந்த அம்மாள்தான் வைத்தார். வேறு கிளைக்குப் போனார். பிற்பாடு வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லுவார்: "கல்யாண ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி சாவி ஒப்படைச்ச ரசீதுல போட்டேன். அப்பவே நான் உஷாராயிருக்கணும்."

அந்த அம்மாளின் ஞாபகசக்தி பேங்க் முழுக்கப் பிரசித்தம். ஆள் படியேறி வருவதைப் பார்த்ததும் கணக்கு எண் நாக்கு நுனிக்கு வந்துவிடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சாவிக்காரர் வீட்டில் எதையும் தேடியதில்லை. கண்ணாடி எங்கே, குடை எங்கே, மின்சார ரசீது எங்கே என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டால் போதும், பதில் வரும்.

வீட்டுக்கு இன்டர்நெட் வந்தபோது அதைப் பொருத்த வந்த ஆள் பாஸ்வேர்டு என்ன போடலாம் என்று கேட்டான். சாவிக்காரர் ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று மனைவியை அழைத்தார். முன்பாதி இவர், பின்பாதி அவர். ஒருவர் பாதி மற்றவருக்குத் தெரியக் கூடாது. அந்த ஆள் தலையைச் சொறிந்தான். வெளியூரிலிருந்து போனில் பேசிய மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, திருடிட்டுப் போக அதுல என்னப்பா இருக்கு? நீங்க பாக்குற பழைய கிரிக்கெட்டா?"

"என்ன இருக்குங்கிறது கேள்வி இல்ல. முறைன்னு ஒண்ணு இருக்கு."

முறை என்று அவர் ஆரம்பித்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும். புது போன் வந்தபோதும், டிவி வந்தபோதும் சடங்கு நடந்தது. இவர் போடும்போது அவர் சுவரைப் பார்ப்பார், அவர் போடும்போது இவர் பார்ப்பார். இரண்டு "போட்டாச்சு", இணைப்பு வந்துவிடும். உண்மையைச் சொன்னால் இருவருக்கும் அதில் ஒரு குஷி. கல்யாணத்தால் பறிபோன சாவி ஒன்று வீடு தேடித் திரும்பி வந்தது போல அந்த அம்மாள் அதை ரசித்தார்.

இதெல்லாம் நன்றாக இருந்த காலத்துக் கதை. கடந்த ஒரு வருஷமாக வீட்டில் சிலது நடந்துகொண்டிருந்தது. மாடித் தொட்டியின் குழாய் திறந்தபடியே கிடந்து தண்ணீர் தெருவுக்கு ஓடியது. கடைக்குப் போன அம்மாளைச் சலவைக்கடைக்காரர் அடுத்த தெருவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். மகளிடம் போனில் ஒரு கேள்வி கேட்டு, பதில் கேட்டு, கொஞ்ச நேரத்தில் அதே கேள்வியை மறுபடி கேட்டார். மகள் கெட்டிக்காரி, பிடித்துக்கொண்டாள்.

சாவிக்காரர் பூசி மெழுகினார். "குழாயா? அத நான்தான் தொறந்து விட்டுட்டேன். வயசாச்சுல்ல." "அடுத்த தெருவுல காய் மலிவா இருக்கும்னு போயிருப்பா." "எனக்குத்தான் எல்லாம் மறக்குது, உங்கம்மாவுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கா." பேங்க்கில் ஒரு பைசா பிசகினாலும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த மனிதர், கூசாமல் பொய் சொன்னார். அவருக்குப் பயம். மனைவியின் ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும், சொல்லாதவரை தள்ளிப்போடலாம் என்று அவர் மனசு கணக்குப் போட்டது.

மகள் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஞாபகமறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் நாள் வாங்கினாள். வீடியோவில் பார்ப்பார், படங்களைக் காட்டி இது என்ன அது என்ன என்று கேட்பார், போன் திரை சின்னது, அதனால் பெரிய திரை வேண்டும் என்று ஒரு லேப்டாப்பையும் கூரியரில் அனுப்பி வைத்தாள். நாளைக்குக் காலையில் டாக்டர். லேப்டாப் இன்று காலையில் வந்தது.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்து லேப்டாப்பை வைத்தார். ஆன் செய்தார். வீட்டு வைஃபையின் பெயர் பட்டியலில் முதலாவதாக நின்றது. அழுத்தினார். பாஸ்வேர்டு கேட்டது. "இந்தாம்மா, வா" என்று கூப்பிட்டார். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்து நின்றார். இவர் தன் பாதியை அடித்து "போட்டாச்சு" என்றார். இடம் மாறினார்கள். அவர் அடித்து "போட்டாச்சு" என்றார்.

பாஸ்வேர்டு சரியில்லை என்றது லேப்டாப்.

மறுபடி செய்தார்கள். சரியில்லை. கேப்ஸ் லாக் என்கிற பெரிய எழுத்துப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டார். அலமாரியில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து, சொருகினார். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. டிவியில் படம் வந்தது, போனில் செய்தி வந்தது, லேப்டாப் மட்டும் பிடிகொடுக்கவில்லை. இன்டர்நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டார். நிறையப் பாட்டு கேட்ட பிறகு ஒரு பெண் வந்து, பெட்டியை அணைத்துப் போடுங்கள் சார் என்றாள். போட்டாயிற்றம்மா என்றார். இன்னொரு தடவை போடுங்கள் சார் என்றாள்.

ஒவ்வொரு தடவையும் சுவரைப் பார்த்து நின்றபோது அவருக்குப் பின்னால் அந்த அம்மாள் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. முன்பெல்லாம் அது ஒரே ஓட்டமாகக் கேட்கும். இன்று இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். ஒரு தட்டு, நீளமான நிறுத்தம். பிறகு அவசர அவசரமாக நாலைந்து. கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது? கேட்டது கேட்டதுதான். ஆனாலும் சாவிக்காரர் திரும்பி வந்து, "மெஷின்லதான் ஏதோ கோளாறு. அனுப்பும்போதே தட்டிப் பார்த்து அனுப்பியிருக்கணும்" என்று போனில் மகள் மேல் எரிந்து விழுந்தார். அந்த லேப்டாப் இணைய வேண்டும் என்று கை பாடுபட்டது, இணையவே கூடாது என்று உள்ளுக்குள் ஒன்று வேண்டிக்கொண்டது. இணையாவிட்டால் நாளைக்கு டாக்டர் இல்லை.

"நான் வேணா இன்னொரு வாட்டி போடட்டுமா?" என்றார் அந்த அம்மாள்.

"வேணாம் வேணாம். உன்மேல தப்பில்ல. நீ போய் உக்காரு."

மதியத்துக்கு மேல் மகளே தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஒரு பெண்மணிக்குப் போன் போட்டுவிட்டாள். கடையைச் சாத்திவிட்டு அந்த ரிப்பேர்க்காரம்மா தோளில் பையோடு வந்து சேர்ந்தார். நாற்பது வயசுக்காரர், வாய் ஓயாது. வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதே பாதி விசாரணையை முடித்துவிட்டார்.

முதலில் தன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்து லேப்டாப்பை அதில் ஒட்ட வைத்தார். உடனே ஒட்டிக்கொண்டது.

"லேப்டாப் தங்கமா இருக்கு சார். ஆனா வீட்டுக்குள்ள போன் சிக்னல் இழுத்துக்கிட்டுக் கிடக்குது, வீடியோவுக்குத் தாங்காது. உங்க வைஃபைதான் வேணும்."

"அப்ப அந்தப் பெட்டியிலதான் தப்பு" என்றார் சாவிக்காரர். "பாதுகாப்பு முறையெல்லாம் இப்ப புதுசு புதுசா மாத்துறாங்களாம். பழைய பெட்டிக்கும் புது மெஷினுக்கும் ஒத்துப்போகாதுன்னு படிச்சேன்."

"சில வீட்டுல அப்படி ஆகும் சார். பாத்துடலாம்." ரிப்பேர்க்காரம்மா பெட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தார், லேப்டாப்பில் ஏதோ திறந்து பார்த்தார். "ரெண்டும் ஒரே முறைதான். ஒத்துப்போகுது."

"அப்ப தூரம்."

"நாலு அடியில இருக்கு சார்."

ரிப்பேர்க்காரம்மா தன் போனையே வீட்டு வைஃபையில் புதிதாகச் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். பாஸ்வேர்டைச் சொல்லுங்கள் என்றார். சொல்ல மாட்டோம், நாங்களே போடுவோம், அதுவும் ஆளுக்குப் பாதி என்று சாவிக்காரர் விளக்கியதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் தொழில்காரர், நாக்கைக் கடித்துக்கொண்டு போனை நீட்டினார். இவர் போட்டார். அந்த அம்மாள் போட்டார். சரியில்லை. மறுபடி. சரியில்லை.

திரும்பி நிற்க வேண்டும் என்று ரிப்பேர்க்காரம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் அந்த அம்மாளின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவையும் விரல் வெவ்வேறு இடத்துக்குப் போனது. அவர் வாய் அதோடு ஓய்ந்துவிட்டது. சாவிக்காரர் சுவரிலிருந்து திரும்பியபோது அந்த மௌனத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"சார்" என்றார் ரிப்பேர்க்காரம்மா மெதுவாக. "உங்க போன்ல ஏற்கனவே பாஸ்வேர்டு பதிஞ்சு கிடக்கு. உங்க கைரேகையை வச்சு ஒரு அமுக்கு அமுக்கினா முழுசையும் எழுத்தாவே காட்டும். அதப் பார்த்துப் போட்டுடலாம்."

"அதெல்லாம் கூடாது!"

"இல்லன்னா பெட்டிக்குப் பின்னாடி ஊசியால குத்தி எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா..."

"அதுவும் கூடாது! ஒருத்தர் சாவிய ஒருத்தர் பார்க்கக் கூடாதும்மா. வேலை பார்த்த காலம் பூரா பார்த்ததில்ல, இனிமேலா பார்ப்பேன்?"

குரல் தெரு வரை போயிருக்கும். சலவைக்கடையில் இஸ்திரிப்பெட்டி தேய்க்கும் சத்தம் நின்றது. சாவிக்காரர் முறை முறை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர்தான், ஆனால் இன்று அந்த முறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றார். போனைத் திறந்தால் இவர் பாதி சரி என்று தெரியும். அப்புறம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு பாதி.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் லேப்டாப்பை மெல்லத் தன் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தார்.

"என்னங்க, போதும்."

"நீ சும்மா இரு. பெட்டியில..."

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. என்னோட பாதி எனக்குத் தெரியல. காலையிலேருந்தே தெரியல. கைக்கு வந்தத அமுக்கிட்டு இருக்கேன்."

சாவிக்காரர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"முதல் எழுத்து வர்ற மாதிரி இருக்கும், அப்புறம் போயிடும். நின்னு யோசிச்சா உங்களுக்குக் கேக்குமேன்னு எதையாவது தட்டிடுவேன்."

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார் சாவிக்காரர். குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது.

"நீங்க மெஷின், பெட்டி, பொண்ணுன்னு ஒண்ணு ஒண்ணா பழி போட்டுக்கிட்டு வந்தீங்க. பாவமா இருந்துச்சு. அதுவும் இல்லாம, குழாய நீங்களே தொறந்து விட்டதா பொண்ணுகிட்ட சொன்னீங்களே, அப்ப நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். உங்களுக்குப் பயம்னு தெரியும். எனக்கும் பயம்தான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பயப்பட வேணாம்னு இருந்தேன்."

ரிப்பேர்க்காரம்மா எழுந்து போய் ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"என் பாதியையும் நீங்களே பாத்து வச்சுக்கோங்க" என்றார் அந்த அம்மாள். "ஒப்படைச்சாச்சு. ரசீது வேணாம்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சாவிக்காரர் அழுதார். சத்தம் இல்லை, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். வீடு கட்டியபோதும், மகளைக் கட்டிக் கொடுத்தபோதும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தபோதும் அழாதவர்.

பிறகு போனை எடுத்தார். பாஸ்வேர்டுக்காக இல்லை, முதலில் மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா, கனெக்ட் ஆயிடுச்சா?"

"ஆயிடும். அதுக்கில்ல கண்ணு. நாளைக்கு டாக்டர்கிட்ட முதல்ல நான் பேசணும். அம்மாவ எதுவும் கேக்குறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கச் சொல்லு. ஒரு வருஷமா என்னென்ன நடந்துச்சோ எல்லாத்தையும் சொல்றேன். ஒண்ணையும் மறைக்க மாட்டேன்."

"சரிப்பா" என்றாள் மகள். "நானும் லைன்ல இருக்கேன்பா."

பேசி முடித்த பிறகு ரிப்பேர்க்காரம்மா எந்த இடத்தில் போக வேண்டும், எதை அமுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். கடைசி அமுக்கு மட்டும் பாக்கி என்றதும், "நான் பாக்கல சார்" என்று மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாவிக்காரர் விரலை வைத்தார். திரையில் எழுத்துகள் வந்தன. முன்பாதி அவருடையது. பின்பாதியை அவர் முதன்முதலாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அது என்ன என்று இங்கே சொல்வதற்கில்லை, அவர் யாரிடமும் சொல்லவில்லை. படித்து முடித்து, போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார்.

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வைஃபையின் பெயரை அழுத்தினார். பாஸ்வேர்டு கேட்டது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். அந்த அம்மாள் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். யாரும் சொல்லவில்லை, உடம்பு தானாகப் போயிருக்க வேண்டும். முதுகு நேராக, கைகள் முன்னால் கோத்தபடி, பேங்க்கில் நின்ற அதே நிற்பு.

சாவிக்காரர் தன் பாதியை அடித்தார். "போட்டாச்சு" என்று சொல்ல வேண்டிய இடம். சொல்லவில்லை. அப்படியே தொடர்ந்து அடுத்த பாதியையும் அடித்தார். ஒவ்வொரு எழுத்தாக, போனை மறுபடி பார்க்காமல். அது அதற்குள் மனப்பாடமாகிவிட்டிருந்தது. இணைந்தது என்று திரை சொன்னது. ஜன்னலருகே நின்றவர் பாதி திரும்பி, தாழ்ந்த குரலில், "வந்துடுச்சா சார்?" என்றார். இவர் தலையசைத்தார்.

"போட்டாச்சு" என்றார்.

அந்த அம்மாள் திரும்பினார். நேராக மேஜைக்கு வந்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, விசைகளின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார்.

"சரி, திரும்பிக்கோங்க" என்றார். "இப்ப என்னோடது."

சாவிக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே மேஜையருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்படைத்தவர் அந்த முகத்தில் இல்லை. காத்திருக்கிற ஒரு தலைமைக் கேஷியர் இருந்தார்.

"நீதான் போட்டுட்டியேம்மா" என்றார் சாவிக்காரர்.

"போட்டுட்டேனா?"

"போட்டுட்டே. சரியாப் போட்டுட்டே. பாரு, வந்துடுச்சு."

அந்த அம்மாள் திரையைக் குனிந்து பார்த்தார். திருப்தியாக இருந்தது அவருக்கு. கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ரிப்பேர்க்காரம்மாவுக்கு டீ போடலாமா என்று கேட்டார்.